பனிப்போர் பற்றி ஆய்வேடு: அசல் ஆவணங்களை எங்கே தேடுவது?

தண்டையார்பேட்டை மாணவி:

எல்லோருக்கும் வணக்கம். வரலாறு எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ‘அணு ஆயுத வல்லரசுகளின் போட்டி: 1945–1991’ என்று தலைப்பு எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் பேராசிரியை படித்துவிட்டு, “இவ்வளவையும் ஒரே ஆய்வேட்டில் எப்படிம்மா எழுதுவ? ஒரு கேள்வியோட வா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொல்வது நியாயம்தான். அந்தக் கேள்வியைக் கண்டுபிடிக்கத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

கையில் கிடைத்த பாடநூல்கள் எல்லாவற்றிலும் ஒரே வரிசை. ட்ரூமன் கொள்கை, பெர்லின் முற்றுகை, கொரியா, கியூபா, வியட்நாம், அப்புறம் ரீகன், கோர்பச்சேவ், முடிந்தது. என்னென்ன நடந்தது என்று தெரிகிறது. ஆனால் எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும். 1967-ல் அமெரிக்காவின் கையிருப்பில் மட்டும் 31,255 அணு ஆயுதங்கள் இருந்தன என்று அவர்களே பிற்பாடு கணக்கு வெளியிட்டார்கள். எண்பதுகளின் நடுவில் உலகம் முழுவதும் சேர்த்துச் சுமார் 70,000. ஹிரோஷிமாவை அழிக்க ஒன்றே போதுமாக இருந்தது. அப்படியிருக்க, இத்தனை ஆயிரத்துக்கு மேலும் வேண்டும் என்று யாரோ ஒருவர் ஒரு மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார் அல்லவா? அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். அதில் என்ன காரணம் எழுதியிருந்தது என்று படிக்க வேண்டும்.

பணம் கட்டிப் படிக்கும் ஆய்விதழ்கள் எனக்குக் கட்டுப்படியாகாது. சாயங்காலம் டியூஷன் எடுக்கிறேன், இரவில்தான் நேரம், அதனால் இணையத்தில் கிடைப்பது நல்லது. ரஷ்ய மொழி தெரியாது. அமெரிக்கத் தாள்களை மட்டும் வைத்து எழுதினால் ஒருதலைப்பட்சமாகிவிடாதா? இன்னொன்று, இந்தியாவோடு ஒரு தொடர்பு இருந்தால் நல்லது என்கிறார் பேராசிரியை. ஒட்டவைத்த தொடர்பு எனக்கு வேண்டாம். உண்மையிலேயே இருந்தால் சொல்லுங்கள்.

பழைய வண்ணை ஆசிரியர்:

அம்மா, நீங்கள் தேடும் கேள்வி உங்கள் பதிவிலேயே இருக்கிறது. “அந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடாதீர்கள். நான் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். பனிப்போரை இரண்டு பூதங்கள் மல்லுக்கு நின்ற கதை போல நடத்துவதுதான் நம் வகுப்பறைகளில் வழக்கம். எனக்கு அது என்றைக்கும் பிடித்ததில்லை. முடிவெடுத்தவர்கள் மனிதர்கள். அன்று காலை அவர்களுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, யாருக்குப் பயந்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆகவே ஏதாவது ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1960 தேர்தலில் கென்னடி, ஏவுகணையில் ரஷ்யா நம்மை முந்துகிறது என்று பிரசாரம் செய்தார். குருஷ்சேவும் தன் தொழிற்சாலைகளில் ஏவுகணைகள் சரம் சரமாக வெளிவருவதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். இருவர் பேச்சும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதால் உலகம் நம்பியது. 1960 ஆகஸ்டில் கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள் எடுத்த படச்சுருள் முதன்முதலாகப் பத்திரமாக பூமிக்கு வந்து சேர்ந்தது. அந்தப் படங்கள் சேரச் சேரக் கணக்கு மாறியது. 1961 செப்டம்பர் 21 தேதியிட்ட அமெரிக்க உளவு மதிப்பீடு, சோவியத்திடம் இருக்கும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைத் தளங்கள் 10 முதல் 25 வரைதான் என்கிறது. அதாவது முன்னால் நின்றது அமெரிக்காதான். சரி, பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்த பிறகு திட்டத்தைக் குறைத்தார்களா? இல்லை. அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகள் கடைசியில் 1,000 வரை போய்த்தான் நின்றன. உங்கள் கையெழுத்துக் கேள்விக்கு இது ஒரு நல்ல இடம்.

இப்போது ஆவணங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை 1861 முதல் வெளியிட்டுவரும் ‘ஃபாரின் ரிலேஷன்ஸ் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்ற தொகுப்பு வரிசைதான் முதல் வாசல். ஆய்வாளர்கள் சுருக்கமாக ‘ஃப்ரஸ்’ என்பார்கள். துறையின் வரலாற்றாளர் அலுவலகத் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். கியூபா நெருக்கடி 1961–63 வரிசையின் 11-ஆம் தொகுதி. ஆயுதக் கட்டுப்பாடு அதே வரிசையில் 7-ஆம் தொகுதி. ஒவ்வொரு ஆவணத்தின் அடியிலும் அது எந்தப் பெட்டியில் இருந்தது, யார் எழுதியது, எவ்வளவு இரகசியம் என்று ஒரு குறிப்பு இருக்கும். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நீங்கள் அதை முதலில் படியுங்கள். நடுவில் ‘இவ்வளவு வரிகள் வெளியிடப்படவில்லை’ என்று சதுர அடைப்புக்குறிக்குள் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எதை மறைத்தார்கள் என்று தெரியாது, எந்த இடத்தில் மறைத்தார்கள் என்று தெரியும். அதுவும் ஒரு தகவல்.

இரண்டாவது, ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக்காப்பகம். பெயரைப் பார்த்து அரசு நிறுவனம் என்று நினைக்க வேண்டாம். 1985-ல் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் தொடங்கியது. தகவல் உரிமைச் சட்டத்தை வைத்து அரசோடு மல்லுக்கட்டித் தாள்களை வாங்குகிறவர்கள். 1983 நவம்பரில் நேட்டோ நடத்திய ஏபிள் ஆர்ச்சர் ஒத்திகையை மாஸ்கோ உண்மையான தாக்குதலாக எடுத்துக்கொண்டிருக்கக்கூடும் என்று எச்சரிக்கும் ஓர் அறிக்கை 1990-லேயே எழுதப்பட்டுவிட்டது. வெளியே வந்தது 2015-ல். அதற்கு இவர்களின் விடாமுயற்சிதான் காரணம்.

ரஷ்ய மொழி பற்றிக் கவலை வேண்டாம். 1991-க்குப் பிறகு சோவியத் காப்பகங்கள் கொஞ்ச காலம் திறந்திருந்தபோது கிடைத்த தாள்களை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாஷிங்டனின் வில்சன் மையம் ஒரு மின் தொகுப்பாகச் சேர்த்திருக்கிறது. வேண்டியதை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள், தளங்கள் எப்போது இடம் மாறும் என்று சொல்ல முடியாது.

இரண்டு பக்கமும் ஏன் வேண்டும் என்பதற்கு 1962 அக்டோபர் 27 ஒன்றே போதும். அன்று சனிக்கிழமை. கியூபாவுக்கு மேல் ஓர் உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி ஆண்டர்சன் இறந்தார். அன்றைக்கே இன்னொரு அமெரிக்க விமானம் வழி தவறி சோவியத் எல்லைக்குள் புகுந்தது. அன்று இரவு ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினைச் சந்தித்து, துருக்கியில் இருக்கும் எங்கள் ஜூப்பிட்டர் ஏவுகணைகளையும் எடுத்துவிடுகிறோம், ஆனால் வெளியே சொல்லக்கூடாது என்றார். ராபர்ட் இறந்த பிறகு 1969-ல் வந்த அவருடைய நினைவுக்குறிப்பில் இது பேரமாகத் தெரியாது. அதைப் பதிப்பித்த, கென்னடியின் ஆலோசகராக இருந்த டெட் சோரன்சன், அந்தப் பகுதியைத் தானே மாற்றியதாக 1989-ல் மாஸ்கோவில் நடந்த மாநாட்டில் சொன்னார். பிறகு தோப்ரினின் அன்றிரவு அனுப்பிய தந்தியும் வெளிவந்தது. உலகம் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல், கென்னடி இம்மியும் விட்டுக்கொடுக்காமல் ஜெயித்தார் என்றே படித்துக்கொண்டிருந்தது. அந்தப் பொய்ப் பாடத்தைக் கற்றுக்கொண்டு எத்தனை தலைவர்கள் பிற்பாடு விறைத்துக்கொண்டு நின்றார்களோ! எனக்கு இதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

இந்தியத் தொடர்பு கேட்டீர்கள். உண்மையானது ஒன்று இருக்கிறது. 1962 செப்டம்பர் 28 அன்று வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்து, அணுகுண்டுச் சோதனையை நிறுத்துங்கள் என்று கேட்டவர் நம் ராஜாஜி. காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கிப் போனார். அப்போது அவருக்கு வயது 83. கியூபாவில் ஏவுகணை இருப்பது கென்னடிக்குத் தெரியவந்தது அக்டோபர் 16-ல். இடையில் மூன்று வாரம்கூட இல்லை.

ராயபுரம் துறைமுகத்தான்:

தங்கச்சி, சார் சொன்ன ஆவணங்கள் எல்லாம் பொன். ஆனால் 1971-ஐ விட்டுவிட்டாரே என்று எனக்கு வருத்தம். நான் துறைமுகத்தில் வேலை பார்க்கிறேன், அதனால் கடல் பக்கமிருந்து சொல்கிறேன்.

1971 ஆகஸ்ட் 9-ல் இந்தியாவும் சோவியத்தும் ஒப்பந்தம் போட்டன. டிசம்பரில் வங்கதேசப் போர் நடக்கும்போது அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்கக் கடலுக்கு அனுப்பினார். அணுசக்தியால் ஓடிய முதல் விமானந்தாங்கி அது. டிசம்பர் 15 அளவில் மலாக்கா வழியாக நம் கடலுக்குள் வந்தது, 16-ல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பின்னாலேயே விளாடிவோஸ்டாக்கிலிருந்து சோவியத் கப்பல்களும் நீர்மூழ்கிகளும் வந்தன. இரண்டு வல்லரசுகளின் அணு ஆயுதக் கடற்படையும் ஒரே நேரத்தில் நின்றது நம் கடல் பக்கத்தில். பாடப்புத்தகத்தில் பெர்லின் சுவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது, இதற்கு இரண்டு வரி. நாம் குடியிருப்பது இந்தக் கடற்கரையில்தானே?

நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரும் அந்த நாட்களில் பேசியது ஃப்ரஸ் 1969–76 வரிசையில் இருக்கிறது, தென்னாசிய நெருக்கடி என்ற தொகுதி. அதுவும் 11-தான், கியூபா தொகுதியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கப்பலை அனுப்பும்போது அவர்கள் மனதில் இந்தியா எவ்வளவு, ரஷ்யாவும் சீனாவும் எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். என் அபிப்பிராயம், நம்மை அவர்கள் ஒரு நாடாகவே பார்க்கவில்லை, மாஸ்கோவுக்குச் சேதி சொல்லும் பலகையாகத்தான் பார்த்தார்கள்.

பி.எல். 480 என்ற அமெரிக்க உணவு உதவிச் சட்டத்தில் வந்த கோதுமையையும் மறக்க வேண்டாம். 1965-லிருந்து ஜனாதிபதி ஜான்சன் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவிழ்த்துவிட்டார். வியட்நாம் பற்றி இந்தியா பேசியது அவருக்குக் கசந்தது. அணுகுண்டுக் கணக்கில் இது வராது என்பீர்கள். வல்லரசு என்றால் என்ன என்பது ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும்.

காசிமேடு கரையோரம்:

ஜனாதிபதி, பிரதமர், தூதர் என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் போட்டியில் அடிபட்ட மீனவர்களைப் பற்றி ஒருத்தரும் சொல்லவில்லை. எங்கப்பா விசைப்படகில் போகிறவர். அதனால் இந்தச் செய்தியை என்னால் வெறும் வரலாறாகப் படிக்க முடியவில்லை.

1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ‘காஸில் பிராவோ’ என்ற ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. சுமார் 6 மெகாடன் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள், வெடித்தது 15 மெகாடன். குண்டுக்குள் இருந்த லித்தியம்-7 சும்மா இருக்கும் என்று நினைத்தார்கள், அதுவும் சேர்ந்துகொண்டது. அபாய எல்லை என்று அறிவித்த இடத்துக்கு வெளியே ஒரு ஜப்பானியப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் டைகோ ஃபுகுர்யு மாரு, 23 பேர். சில மணி நேரத்தில் வானத்திலிருந்து கதிரியக்கம் கலந்த வெள்ளைச் சாம்பல் கொட்ட ஆரம்பித்தது. அது என்ன என்று தெரியாமல் தூண்டில் கயிறுகளை இழுத்துச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். தோல் கறுத்தது, முடி கொட்டியது. மார்ச் 14-ல் யாய்சு துறைமுகம் வந்து சேர்ந்தார்கள். ரேடியோ பார்த்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23-ல் இறந்தார். பிகினிக்குப் பக்கத்திலிருந்த ரோங்கெலாப் தீவு மக்களும் அதே சாம்பலில் மாட்டினார்கள். அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்த இரண்டு நாள் ஆனது.

அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ் மார்ச் 31-ல் என்ன சொன்னார் தெரியுமா? படகு அபாய எல்லைக்குள்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். கடலில் போகிறவன் எங்கே நின்றான் என்பதை வாஷிங்டனில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்! எல்லை தாண்டினார்கள் என்று சொல்லி மீனவன் மேல் பழி போடுவது நம் பக்கம் பழகிய பேச்சு. அதனால்தான் இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கொதித்தது.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். டோக்கியோவில் சுகினாமி பகுதிப் பெண்கள் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்டுக்குள் நாடு முழுவதும் மூன்று கோடிக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. மீன் சாப்பிடப் பயந்த வீட்டுப் பெண்கள் தொடங்கிய வேலை. அக்கா, நீங்கள் ஒரு கையெழுத்தைத் தேடுகிறீர்கள். இந்தக் கோடிக் கையெழுத்துகள் அந்த ஒரு கையெழுத்தை அசைத்தனவா என்று பாருங்கள்.

தண்டையார்பேட்டை மாணவி:

எல்லோருக்கும் நன்றி. காசிமேட்டிலிருந்து எழுதியவரின் கடைசி வரியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. உட்கார்ந்து தேதிகளை வரிசையாக எழுதினேன்.

ஸ்ட்ராஸ் பேசியது 1954 மார்ச் 31. இரண்டே நாள் கழித்து, ஏப்ரல் 2-ல், நேரு மக்களவையில் அணுகுண்டுச் சோதனைகளை அப்படியே நிறுத்திவைக்கும் உடன்பாடு வேண்டும் என்று கேட்கிறார். 1958 கடைசியிலிருந்து 1961 ஆகஸ்ட் வரை இரண்டு வல்லரசுகளும் சோதனையை நிறுத்திவைத்திருந்தன. 1961 செப்டம்பர் 1-ல் சோவியத் மறுபடி ஆரம்பிக்கிறது, அமெரிக்காவும் அதே மாதம் தொடங்குகிறது. அக்டோபர் 30-ல் நோவயா ஸெம்லியா என்ற வடதுருவத் தீவில் சோவியத்தின் 50 மெகாடன் குண்டு. 1962-ல் ராஜாஜி போகிறார். கியூபா. 1963 ஆகஸ்ட் 5-ல் மாஸ்கோவில் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம். மூன்றே நாளில் இந்தியா கையெழுத்து.

ஆகவே கேள்வி இதுதான்: 1963 ஒப்பந்தத்துக்குக் கென்னடியையும் குருஷ்சேவையும் தள்ளியது கியூபாவில் வந்த பயமா, 1954-லிருந்து வெளியே எழுந்த குரல்களா? 1971 பற்றி எழுதிய அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், அது தனி ஆய்வேடாகவே எழுத வேண்டிய விஷயம். சார், இது தாங்குமா?

பழைய வண்ணை ஆசிரியர்:

நன்றாகவே தாங்கும். ஆனால் பதிலை முன்கூட்டி முடிவு செய்துகொண்டு தாள்களுக்குள் போகாதீர்கள். நமக்கு ராஜாஜி வேண்டியவர், சுகினாமிப் பெண்கள் வேண்டியவர்கள். அதற்காக அவர்களால்தான் நடந்தது என்று எழுதிவிட முடியாது. ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீருக்கடி ஆகிய மூன்றில்தான் சோதனையைத் தடுத்தது. நிலத்துக்கடியில் தொடர்ந்து வெடித்தார்கள். ஆயுதப் போட்டி குறையவில்லை, சாம்பல்தான் குறைந்தது. இந்த வித்தியாசமே உங்களுக்குத் தடயம். மக்கள் கோபப்பட்டது சாம்பலுக்கு. தலைவர்கள் விட்டுக்கொடுத்ததும் அதை மட்டும்தான். 7-ஆம் தொகுதியில் நிலத்தடிச் சோதனை ஏன் விடப்பட்டது, எத்தனை தடவை நேரில் வந்து பரிசோதிப்பது என்ற தகராறு எப்படி ஓடியது என்று பாருங்கள்.

சோவியத் பக்கத்தில் ஹைட்ரஜன் குண்டு விஞ்ஞானி சகாரவை எடுத்துக்கொள்ளுங்கள். 1961 ஜூலையில் சோதனையை மறுபடி தொடங்க வேண்டாம் என்று கூட்டத்திலேயே குருஷ்சேவுக்குச் சீட்டு எழுதி அனுப்பினார். அரசியலை எங்களிடம் விடு என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த 50 மெகாடன் குண்டை வடிவமைத்த குழுவிலும் அவரே இருந்தார். உள்ளிருந்து எழுந்த குரல் உங்கள் கேள்வியில் இல்லை. அதையும் சேருங்கள்.

இந்தியப் பக்கத்துக்கு நேருவின் தேர்ந்தெடுத்த படைப்புகள் தொகுதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ராஜாஜிக்கு ‘ஸ்வராஜ்யா’, ‘கல்கி’ பழைய இதழ்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடுங்கள். உங்களுக்கு மெட்ரோ வசதி, சென்ட்ரலில் மாறி எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம் நடக்கிற தூரம்.

அங்கே போனால் முதலில் 1962 அக்டோபர் 20 முதல் 30 வரையிலான நாளிதழ்களைக் கேளுங்கள். கியூபா நெருக்கடி நடந்த அதே நாட்களில்தான், அக்டோபர் 20-ல், சீனா நம் எல்லையில் தாக்குதலைத் தொடங்கியது. நவம்பர் 19-ல் நேருவே விமான உதவி கேட்டு கென்னடிக்குக் கடிதம் எழுதும் நிலை வந்தது. சோதனையை நிறுத்துங்கள் என்று ராஜாஜி போய்ச் சொல்லி இரண்டு மாதம் ஆகவில்லை. அணி சேராத நாட்டின் குரலுக்கு அதற்குப் பிறகு வாஷிங்டனில் என்ன மதிப்பு இருந்தது என்பதை நீங்கள் தவிர்க்க முடியாது. அந்தப் பதினோரு நாள் முதல் பக்கங்களில் கியூபாவுக்கு எவ்வளவு இடம், எல்லைப் போருக்கு எவ்வளவு இடம், ராஜாஜியின் பயணத்தை யாராவது நினைவுபடுத்தினார்களா என்று குறித்துக்கொண்டு வந்து இங்கேயே போடுங்கள். மேலே பேசலாம்.